முப்பது பாட் மருத்துவம்: தாய்லாந்து நாட்குறிப்பு

ஞாயிறு, பாங்காக்

சாவ் பிரயா ஆற்றைப் படகில் கடந்து வாங் லாங் துறையில் இறங்கினால் எதிரே சிரிராஜ் மருத்துவமனை. துறையிலிருந்து வாசல்வரை இருபுறமும் சாப்பாட்டுக் கடைகள். நோயாளிக்குக் கஞ்சி வாங்கப் போகிறவர்களும் மருத்துவ மாணவிகளும் ஒரே சந்தில் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள். 1888இல் மன்னர் சுலாலங்கோர்ன் தொடங்கிய மருத்துவமனை இது. அதற்கு முந்தைய ஆண்டு வயிற்றுக்கடுப்பில் இறந்துபோன தன் கைக்குழந்தையின் பெயரை இதற்கு வைத்தார். வளாகத்துக்குள் அவருடைய இன்னொரு மகன் மகிடோலின் சிலை இருக்கிறது. கடற்படையை விட்டு ஹார்வர்டுக்குப் போய்ப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமும் படித்த இளவரசர் அவர். 37 வயதில் இறந்துவிட்டார். சிலையின் காலடியில் புதுப் பூக்கள் கிடந்தன.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக என் பணிக்காலம் கழிந்தது. சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர்கள், வீட்டில் யாருக்கோ தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்ததையும், அதற்கு நகையை அடகு வைத்ததையும் சேர்த்தே சொல்வார்கள். இந்தக் கதையைத் தாய்லாந்து பெருமளவு நிறுத்திக் காட்டியிருக்கிறது, அதுவும் பணக்கார நாடாக ஆவதற்கு முன்பே, என்று படித்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அக்கா மகன் இங்கே பொதுச் சுகாதாரம் படிக்கிறான், தாய் மொழி பேசுவான். அதனால் துணிந்து கிளம்பினேன்.

திங்கள், பாங்காக்

காலையில் டாக்ஸி ஓட்டுநரிடம் அக்கா மகன் பேச்சுக் கொடுத்தான். உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவீர்கள் என்று கேட்டதும், அவர் தன் அடையாள அட்டையைத் தட்டிக் காட்டினார். எண்ணைச் சொன்னால் போதும், தன் பெயர் எந்த மருத்துவமனையில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். ஏதாவது தகராறு என்றால் 1330க்கு போன் போடுவாராம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்ததற்குப் பணமே கட்டவில்லை என்று சேர்த்துச் சொன்னார். இது ஒரு பெரிய விஷயம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மூன்று திட்டங்கள் இருக்கின்றன. அரசு ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒன்று, சுமார் 50 லட்சம் பேர். தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஒரு கோடிக்கு மேல். மற்ற எல்லாருக்கும், விவசாயி, கூலித் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர், இந்த டாக்ஸி ஓட்டுநர் உட்பட ஏறத்தாழ நாலே முக்கால் கோடிப் பேருக்கு, 2001இல் தொடங்கிய பொதுத் திட்டம். அதைத் ‘தங்க அட்டை’ என்கிறார்கள். ஊர் வழக்கில் ‘முப்பது பாட்’ (பாட் என்பது இந்த நாட்டு நாணயம்). ஒரு தடவை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்டினால் போதும், மற்றதெல்லாம் அரசின் பொறுப்பு. ஏழைகளிடம் அந்த 30 பாட்டையும் வாங்கவில்லை. யாரும் சந்தா கட்டுவதில்லை. முழுப் பணமும் பொது வரியிலிருந்து வருகிறது.

2001இல் தாய்லாந்து 1997 நிதி நெருக்கடியின் அடியிலிருந்து இன்னும் எழவில்லை. நபர்வாரி வருமானம் ஆண்டுக்கு 2,000 டாலரைக்கூடத் தொடாத காலம். மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எந்த மருத்துவப் பாதுகாப்பும் கிடையாது. நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று பலர் எச்சரித்தார்கள். அப்போது மருத்துவத்துக்குச் செலவான தொகையில் மூன்றில் ஒரு பங்கு மக்களின் கைக்காசு. இன்று அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. மொத்த மருத்துவச் செலவு நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்துவருகிறது. வளரும் நாடுகளில் ‘முதலில் வளர்வோம், பிறகு மருத்துவம் தருவோம்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், ரயிலில்

குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து இரவு ரயில். ஈசான் என்று அழைக்கப்படும் வடகிழக்கை நோக்கிப் போகிறோம், நாட்டிலேயே ஏழ்மையான பகுதி. இறங்கப்போவது சீ சாகெட். சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத ஊர். நான் அங்கே போக ஒரு மனிதர் காரணம்.

மருத்துவர் சங்குவான் நித்யாரம்போங். 1973 அக்டோபரில் ராணுவ ஆட்சியை வீழ்த்திய மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவர். படித்து முடித்ததும் சீ சாகெட் மாகாணத்தின் ராசி சலாய் மருத்துவமனைக்கு வந்தார். நெல்லும் வறட்சியும் கடனும்தான் ஊர். பிறகு பொதுச் சுகாதார அமைச்சகத்துக்குப் போய், எல்லாருக்குமான திட்டத்துக்கு வருடக்கணக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். சிறிய அளவில் அயுத்தயாவில் நடத்திப் பார்த்தார். கையில் கணக்கோடு அரசியல் கட்சிகளின் கதவைத் தட்டினார். தக்சின் ஷினவத்ரவின் கட்சி எடுத்துக்கொண்டது, 2001 ஜனவரித் தேர்தலில் வென்றது, தக்சின் பிரதமரானார். அதே நேரத்தில் மக்கள் அமைப்புகள் தாங்களே ஒரு மசோதா எழுதி 50,000 பேருக்கு மேல் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் தொடங்கி, ஓராண்டில் நாடு முழுக்கப் போய்விட்டது. 2002 நவம்பரில் சட்டமும் வந்தது. தேசிய சுகாதாரப் பாதுகாப்பு அலுவலகத்தின் முதல் பொதுச் செயலாளர் சங்குவான்தான். 2008 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார்.

“சித்தி, ஓராண்டில் எப்படி முடிந்தது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய 25 வருஷத்தை யாரும் கேட்பதில்லை” என்றான் அக்கா மகன், மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டி. அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

புதன், ராசி சலாய்

சீ சாகெட் நகரத்திலிருந்து சாலை நெடுக வயல்கள். ராசி சலாய் ஓர் ஆம்ஃபோ, அதாவது நம் வட்டம் போல. அதன் கீழே தாம்போன், நம் ஊராட்சி போல. ஒவ்வொரு ஆம்ஃபோவிலும் ஒரு மருத்துவமனை, ஒவ்வொரு தாம்போனிலும் ஒரு சுகாதார நிலையம் என்பதுதான் இந்த நாட்டின் ஏற்பாடு. கேட்க எளிதாக இருக்கிறது. எப்படி வந்தது?

1970களின் நடுவில் பல ஆம்ஃபோக்களில் மருத்துவமனையே கிடையாது. பணமும் மருத்துவர்களும் பெரிய நகரங்களில் குவிந்திருந்தார்கள். அப்போது ஒரு கடினமான முடிவை எடுத்தார்கள். 1982 முதல் 1986 வரை, ஐந்து ஆண்டுகள், நகர்ப்புற மாகாண மருத்துவமனைகளுக்குப் புதுக் கட்டடமோ விரிவாக்கமோ இல்லை. அந்த நிதி முழுவதும் கிராமத்து மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் போனது. எந்த நாட்டிலும் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்வாக்கு அதிகம், அவற்றின் குரல் அமைச்சர் காதில் முதலில் விழும். அதையும் தாண்டி ஐந்து வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே என்னை அதிகம் அசைத்த செய்தி இதுதான்.

கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, ஆள் வேண்டும். 1970களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவம் படித்தவர்கள் மூன்று ஆண்டு அரசுப் பணி செய்தாக வேண்டும். முடியாது என்றால் 4 லட்சம் பாட் கட்ட வேண்டும். கட்டாயத்தோடு நிறுத்தவில்லை. ஒதுக்குப்புறப் பகுதிக்குத் தனிப் படி கொடுத்தார்கள், தங்குமிடம் கட்டிக் கொடுத்தார்கள். கிராம மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். பிறகு 1994 முதல் கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து மருத்துவம் படிக்க வைத்து ஊர்ப்பக்கம் அனுப்பும் திட்டமும் வந்தது.

மருத்துவமனையில் புறநோயாளி வரிசை ஒன்பது மணிக்கே நிரம்பியிருந்தது. நான் மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கமே நின்றுவிட்டேன், பழக்கம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா மூச்சிழுப்பான், எல்லாம் பையில் போட்டுப் பெயர் எழுதித் தருகிறார்கள். யாரும் பர்ஸைத் திறக்கவில்லை. இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாமாதம் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவு அதில் வராது. பல ஏழைக் குடும்பங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது அந்த மாதச் செலவுதான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் மருந்துக் கழகமும் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் தாங்கல் உண்டு. தாங்கல் இல்லாத மாநிலங்களை நினைத்துக்கொண்டேன்.

பணம் எப்படி வருகிறது? பதிவு செய்த ஒவ்வொரு ஆளுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில். 2002இல் தலைக்கு 1,202 பாட். இப்போது 3,000 பாட்டைத் தாண்டிவிட்டது. புறநோயாளிச் செலவுக்கான பங்கு ஆம்ஃபோ மருத்துவமனைக்கு மொத்தமாக வந்துவிடும், அதில் தன் கீழுள்ள சுகாதார நிலையங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகப் பரிசோதனை எழுதினால் அதிக வருமானம் என்ற நிலையே இல்லை. ஊரில் நோய் குறைந்தால் மருத்துவமனைக்கு லாபம். உள்நோயாளிகளுக்கு நோய் வகையை வைத்து, மொத்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்போடு கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் இதில் பெரிய சண்டை நடந்தது. தலைக்கணக்கு என்றால் மக்கள் அதிகம், ஊழியர் குறைவு என்றிருந்த ஈசானுக்குப் பணம் பாய வேண்டும். ஊழியர் நிறைந்த பணக்கார மாகாணங்கள் சம்பளத்துக்கே போதாது என்று எதிர்த்தன. கடைசியில் சம்பளத்துக்குத் தனி ஏற்பாடு செய்து சமாதானம் ஆனார்கள்.

மாலை ஒரு கிராமத்துக்குப் போனோம். தன்னார்வலர் அம்மா ஒருவர் கூட்டிப் போனார். அறுபதை நெருங்கியவர், வயல் வேலையும் செய்கிறார். இப்படி நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், ஆளுக்குப் பத்துப் பதினைந்து வீடு. பல ஆண்டுகள் சம்பளமே இல்லை. 2009இல் மாதம் 600 பாட் என்று ஊக்கத்தொகை தொடங்கியது, பிறகு ஏறியிருக்கிறது. சீனாவுக்கு வெளியே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது தாய்லாந்தில்தான், 2020 ஜனவரியில். அந்த ஆண்டு பாங்காக்கிலிருந்து ஊர் திரும்பியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள் இவர்கள். “யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார் அந்த அம்மா.

வியாழன், ராசி சலாய்

இன்று ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கால்கள் மேல் நிற்கும் மரவீடு. கீழே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வீட்டுக்காரர் முன்பு லாரி ஓட்டியவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் கழித்து வடியவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, தானே செய்கிறார். அதற்கென்று சுத்தமாக வைத்த ஒரு மூலை, கைகழுவும் தொட்டி, பையைத் தொங்கவிட ஒரு கொக்கி. திரவப் பைகள் தபால் துறை வண்டியில் வாசலுக்கே வருகின்றன. ஒரு காசு கொடுப்பதில்லை.

2001இல் ‘எல்லா நோய்க்கும்’ என்று சொன்ன திட்டத்தில் இந்த நோய் விடுபட்டிருந்தது. அவ்வளவு செலவு. அரசு ஊழியருக்குக் கிடைத்தது, தொழிலாளிக்குக் கிடைத்தது, விவசாயிக்குக் கிடைக்கவில்லை. டயாலிசிஸுக்காக மாட்டை விற்று, நிலத்தை விற்று, கடைசியில் நோயாளியே ‘போதும், நிறுத்திவிடு’ என்று சொன்ன குடும்பங்கள் இந்த ஊரிலேயே உண்டு என்றார் தன்னார்வலர் அம்மா. நோயாளிகள் சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு சிகிச்சைக்குச் செலவிடும் பணத்தால் எத்தனை நல்ல ஆயுள் ஆண்டுகள் கிடைக்கும் என்று கணக்கிடுவது இங்கே வழக்கம். அதற்கென்றே ஹைடாப் என்ற மதிப்பீட்டு நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டது. அந்த அளவுகோலின்படி டயாலிசிஸ் கட்டுப்படியாகாது என்றுதான் விடை வந்தது. ஆனாலும் 2008இல் சேர்த்தார்கள், குடும்பங்கள் அழிவதை அனுமதிக்க முடியாது என்ற காரணத்துக்காக. ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முதலில் வீட்டில் வைத்தே செய்யும் இந்த வயிற்று டயாலிசிஸ். இயந்திர டயாலிசிஸ் மையங்களும் செவிலியர்களும் நகரங்களில்தான் இருக்கிறார்கள், கிராமத்து நோயாளி வாரம் இரண்டு மூன்று தடவை பேருந்து பிடித்து அலைய முடியாது என்பது வாதம்.

நான் இங்கே கற்றுக்கொண்டது இதைத்தான். எதைக் கொடுப்பது, எதை இப்போதைக்குக் கொடுக்க முடியாது என்பதைத் திறந்த இடத்தில், கணக்கோடு, நோயாளிகளையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். திட்டத்தை நடத்தும் வாரியத்தில் மக்கள் அமைப்புகளுக்குச் சட்டப்படி இடம் உண்டு. எல்லாம் தருகிறோம் என்று அறிவித்துவிட்டு மருந்தே இல்லாத அலமாரியைக் காட்டும் அரசுகள் உலகில் நிறைய. ‘இது இப்போது முடியாது, ஏனென்றால் இது’ என்று சொல்லும் அரசோடு மக்கள் வாதாட முடியும்.

2022 பிப்ரவரியில், எந்த டயாலிசிஸ் வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். உரிமை என்ற வகையில் சரி. ஆனால் இயந்திர மையங்களை நோக்கிக் கூட்டம் திரும்பிச் செலவு வேகமாக ஏறியது. 2025இல் புது நோயாளிகளுக்கு மறுபடி வயிற்று டயாலிசிஸையே முதலில் வைத்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். “எனக்கு இதுவே போதும். மையத்துக்குப் போனால் வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான்” என்றார். மனைவி மறுத்தார். இவர் தூங்கும்போது நான்தான் பையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன் என்றார். இருவர் சொன்னதும் சரி.

வெள்ளி, சீ சாகெட்

காலையில் ஒரு மூத்த மருந்தாளுநர் அம்மாவைச் சந்தித்தோம். ஒரே தொழில் என்பதால் இரண்டு நிமிடத்தில் ஒட்டிக்கொண்டோம். எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியாது. 2006 நவம்பரில் தாய்லாந்து அரசு எஃபவிரென்ஸ் என்ற மருந்துக்குக் கட்டாய உரிமம் அறிவித்தது. காப்புரிமை இருந்தாலும் பொதுப் பயன்பாட்டுக்காக மலிவான வகையை வாங்கலாம், தயாரிக்கலாம் என்ற சட்ட வழி அது. அடுத்த ஜனவரியில் இன்னொரு எச்.ஐ.வி. மருந்துக்கும், இதயநோய்க்கான குளோபிடோகிரெலுக்கும் அதே உரிமம். முதல் எஃபவிரென்ஸ் பெட்டிகள் இந்தியாவிலிருந்து வந்தன, பழைய விலையில் பாதிக்கும் குறைவாக. “உங்கள் நாட்டு மாத்திரை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஒரு பெரிய மருந்து நிறுவனம் புது மருந்துகளைத் தாய்லாந்தில் பதிவு செய்யும் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றது. காப்புரிமை போன்ற விஷயங்களில் மற்ற நாடுகளைக் கண்காணிக்க அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் 2007இல் தாய்லாந்தை மேலே ஏற்றியது. பொதுச் சுகாதார அமைச்சர் மோங்கோல் ந சோங்க்லா பின்வாங்கவில்லை. 2016இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் தாய்லாந்தை அங்கீகரித்தது. ஆசியாவில் முதல் நாடு.

இன்னொன்று. மோங்கோல் பதவியில் இருந்தது ராணுவப் புரட்சிக்குப் பின் வந்த அரசில். 2006 செப்டம்பரில் தக்சினைக் கவிழ்த்தார்கள், ஆனால் தக்சின் கொண்டுவந்த திட்டத்தைக் கவிழ்க்கவில்லை. அந்த நவம்பரில் 30 பாட் கட்டணத்தையே நீக்கினார்கள். 2012இல் அது திரும்பி வந்தது, ஆனால் கட்ட விரும்பாதவர்கள் கட்டத் தேவையில்லை என்றார்கள். 2014இல் இன்னொரு புரட்சி, அப்போதும் திட்டம் நின்றது. சட்டமாக இருந்தது, நாலே முக்கால் கோடிப் பேர் கையில் இருந்தது, ஊர் ஊராக மருத்துவமனை இருந்தது. இத்தனையையும் யாராலும் எளிதில் பிடுங்க முடியாது.

குறைகளையும் எழுத வேண்டும். மதியம் கட்டாயப் பணியில் இருக்கும் ஓர் இளம் மருத்துவரோடு சாப்பிட்டோம். இரவுப் பணி முடித்து அப்படியே பகல் பணிக்கும் நின்றவர், கண்கள் சிவந்திருந்தன. மூன்று வருஷம் முடிந்ததும் உடன் படித்தவர்களில் பலர் கிளம்பிவிடுவார்கள் என்றார். பாங்காக்கின் தனியார் மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு நோயாளிகள் குவிகிறார்கள், அங்கே சம்பளம் பல மடங்கு. கட்டணம் போன பிறகு கூட்டம் பெருகியது, ஆட்கள் அதற்கு ஏற்பப் பெருகவில்லை. அரசு ஊழியர் திட்டத்தில் ஓர் ஆளுக்குச் செலவாகும் தொகை தங்க அட்டைக்காரருக்கு ஆவதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் இன்னும் தீரவில்லை. மூன்று திட்டங்களையும் ஒன்றாக்க எந்த அரசும் துணியவில்லை. புதிதாகத் தொடங்கும் நாடுகள் முதல் நாளே இதை யோசிக்க வேண்டும். தனித்தனியாக வளர்ந்த பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

சனி, மகாசாய்

பாங்காக்கின் வொங்வியான் யாய் நிலையத்திலிருந்து சின்ன ரயில், ஒரு மணி நேரம். சமுத் சாகோன் மாகாணத்தின் மீன்பிடி ஊர் மகாசாய். 2001 ஏப்ரலில் திட்டம் முதலில் தொடங்கிய ஆறு மாகாணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இங்கே இறால் உரிக்கும் கைகளில் பெரும்பாலானவை மியான்மரிலிருந்து வந்தவை. தங்க அட்டை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும்.

அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. பதிவு செய்த புலம்பெயர் தொழிலாளர் பணம் கட்டிக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். 2013இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 365 பாட், ஒரு நாளைக்கு ஒரு பாட் என்று வைத்தார்கள். ஆவணமில்லாதவர்களுக்கும் விற்கலாம் என்ற அளவுக்குப் பொதுச் சுகாதார அமைச்சகம் பெருந்தன்மையாக யோசித்திருக்கிறது. நடைமுறையில் முதலாளி அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதும், வேலை மாறினால் பாதுகாப்பு அறுந்துபோவதும், போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்கு வராமலே இருப்பதும் நடக்கிறது. 2020 டிசம்பரில் இங்குள்ள இறால் சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது சந்தையையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் பூட்டினார்கள்.

பர்மிய மொழி பேசும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் ஒருவர் சந்தைக்குப் பின்னாலிருக்கும் அறைகளுக்குக் கூட்டிப் போனார். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர். அட்டை போன மாதம் காலாவதி, புதுப்பிக்கப் பணம் இல்லை. தன்னார்வலர் அங்கேயே மருத்துவமனை சமூகப் பணியாளருக்கு போன் போட்டார். அக்கா மகன் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்கள், பிரசவச் செலவுக்கு மருத்துவமனையின் நல நிதியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். கேட்டுப் பார்ப்பது என்பது உரிமை ஆகாது. இருபது ஆண்டுக்கு மேலாக இவ்வளவு செய்து காட்டிய நாடு, தன் மீனைச் சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் அந்த உரிமையைக் கொடுக்க முடியும். பணக் கணக்கு ஏற்கெனவே இவர்களிடம் இருக்கிறது. திங்கட்கிழமை என்ன ஆனது என்று விசாரித்துச் சொல்வதாக அக்கா மகன் ஒத்துக்கொண்டிருக்கிறான்.